கோட்டாற்றிலிருந்து நந்தம்பாக்கத்துக்கு: சமூக ஊடக விற்பனை மாநாட்டுக்குப் போகும் சிறு வியாபாரிக்கு

2025 மே 1 முதல் 4 வரை மும்பையின் ஜியோ வேர்ல்டு மையத்தில் 'வேவ்ஸ்' என்ற ஒலி-ஒளி, பொழுதுபோக்கு உச்சி மாநாடு நடந்தது. யூடியூபின் தலைமைச் செயல் அதிகாரி நீல் மோகன் மேடையில் சில எண்களை அறிவித்தார். இந்தியாவின் படைப்பாளிகளுக்கும் கலைஞர்களுக்கும் ஊடக நிறுவனங்களுக்கும் மூன்று ஆண்டுகளில் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இன்னும் 850 கோடி ரூபாய் முதலீடு வரப்போகிறது. ஓராண்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இந்தியச் சேனல்கள் காணொளி ஏற்றியிருக்கின்றன. இந்தியாவில் தயாரான காணொளிகளை வெளிநாடுகளில் இருப்பவர்கள் அதே ஓராண்டில் 4,500 கோடி மணி நேரம் பார்த்திருக்கிறார்கள். இவற்றுள் செய்திகளில் அதிகம் அடிபட்டது 850 கோடிதான்.

நாகர்கோவிலின் கோட்டாறு கம்போளத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கும் ஒருவர் அந்தக் கூடத்தில் இருந்திருந்தால் எந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்? நிச்சயமாக அந்த 4,500 கோடி மணி நேரத்தை. கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விடுமுறை முடிந்து திரும்புகிறவரின் பெட்டியில் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் கருப்பட்டியும் இல்லாமல் இருக்காது. அந்தப் பெட்டியைக் கட்டும் வீட்டாருக்கும், துபாயில் அறையில் படுத்துக்கொண்டு ஊர்க் காணொளி பார்ப்பவருக்கும் சேர்த்துத்தான் சிப்ஸ் வியாபாரி விற்கிறார். மேடையில் பேசுகிறவர் இந்த மாவட்டத்தை மனத்தில் வைத்துப் பேசப்போவதில்லை. அவர் சொல்வதிலிருந்து தன் கடைக்கு உரியதைப் பிரித்தெடுப்பது வியாபாரியின் வேலை. இந்த அத்தியாயம் அந்த வேலையைப் பற்றியது.

எந்த மாநாடு?

சமூக ஊடக விற்பனைக்கென்றே நடக்கும் மாநாடுகளில் உலக அளவில் பெயர் பெற்றவை என்று இரண்டைச் சொல்லலாம். 2009இல் தொடங்கிய 'சோஷியல் மீடியா வீக்' ஒன்று. 2013இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் கூடத் தொடங்கிய 'சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் வேர்ல்டு' மற்றொன்று. நாகர்கோவில்காரர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தமிழ்நாட்டிலேயே நடக்கும் பொதுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மாநாடுகளில் இந்தப் பேச்சுக்கும் இடம் உண்டு. தமிழ்நாடு அரசின் 'உமாஜின்' மாநாடு 2023 மார்ச்சில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதன்முதலாகக் கூடியது. மாநில அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' அமைப்பு ஏற்பாடு செய்த உலகப் புத்தொழில் மாநாடு 2025 அக்டோபர் 9, 10 தேதிகளில் கோவை கொடிசியா வளாகத்தில் நடந்தது. இவை தவிர, விளம்பர நிறுவனங்களும் கல்லூரிகளும் வணிகச் சங்கங்களும் நடத்தும் ஒருநாள் கூட்டங்கள் சென்னை, கோவை, கொச்சி, பெங்களூரு என்று ஆண்டு முழுதும் உண்டு.

தேர்வு செய்யும்போது மாநாட்டின் பெயரையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு நிகழ்ச்சி நிரலைத்தான் வாசிக்க வேண்டும். பேசுகிறவர்களில் எத்தனை பேர் பொருள் விற்கிறவர்கள், எத்தனை பேர் மென்பொருளோ பயிற்சி வகுப்போ விற்கிறவர்கள் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி தெளிந்துவிடும். மென்பொருள் விற்கிறவருக்குக் கூடத்தில் இருப்பவர்கள்தான் வாடிக்கையாளர்கள். அவர் பேச்சிலும் பயன் உண்டு. ஆனால் அது எங்கே போய் முடியும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். சின்ன ஊரில் ஊறுகாயோ சேலையோ விற்று, எதில் பணம் போனது, எதில் வந்தது என்று கணக்கோடு பேசும் ஒருவர் நிரலில் இருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போகலாம்.

பதிவுக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். பதிவு செய்யும்போதே கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து, கடைப் பெயரில் பில் வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருக்கும் கடைகளுக்கு அந்த வழி இல்லை. அவர்கள் வரியையும் சேர்த்தே செலவாகக் கணக்கிட வேண்டும். பார்வையாளராகப் போவதோடு நிற்காமல் கண்காட்சியில் கடை போடவும் எண்ணுகிறவர்கள், முதலில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் போய் விசாரிப்பது நல்லது. உதயம் பதிவு பெற்ற குறுந்தொழில்களுக்குக் கண்காட்சி இட வாடகையில் உதவி செய்யும் அரசுத் திட்டங்கள் உண்டு. பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு அதில் கூடுதல் சலுகையும் கிடைக்கும்.

போகும் வழி

சென்னைக்கு 2024 ஆகஸ்ட் 31 முதல் நாகர்கோவிலிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் எழும்பூர் போய்விடலாம். பகலில் கிளம்பி இரவில் இறங்குவதால் தங்க ஓர் இடம் வேண்டும். சாயங்காலம் புறப்படும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் காலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அறை வாடகை மிச்சம். ஆனால் இரவெல்லாம் ரயிலில் கிடந்து, காலை ஒன்பது மணிக்கு அடையாள அட்டை வாங்க வரிசையில் நிற்பவருக்கு மத்தியானத்துக்கு மேல் எதுவும் மண்டையில் ஏறாது. இரண்டு நாள் மாநாடு என்றால் முந்தின நாளே போவது மேல். நந்தம்பாக்கத்துக்குப் போகிறவர் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் பரங்கிமலைக்கோ கிண்டிக்கோ போனால் வர்த்தக மையம் பக்கம்தான். கோவைக்கு நாகர்கோவிலிலிருந்து இரவு ரயில் இருக்கிறது. கொடிசியா அவிநாசி சாலையில், விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது.

சென்னைக்குப் போகிறவர்கள் இன்னொரு வேலையையும் முடித்துவிட்டு வரலாம். நாட்டின் புவிசார் குறியீட்டுப் பதிவகம் கிண்டியில்தான் இருக்கிறது. வடசேரியில் செய்யும் நாகர்கோவில் கோயில் நகைகள், ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, கன்னியாகுமரி கிராம்பு, மயிலாடி கற்சிற்பம், மார்த்தாண்டம் தேன், 2023இல் மட்டி வாழைப்பழம், 2025இல் தோவாளை மாணிக்கமாலை என்று இந்த மாவட்டத்துக்கு வரிசையாகக் குறியீடுகள் கிடைத்திருக்கின்றன. குறியீடு கிடைத்துவிட்டதாலேயே அந்தப் பெயரையும் முத்திரையையும் யார் வேண்டுமானாலும் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்த உற்பத்தியாளருக்கே அந்த உரிமை. அந்தப் பதிவு விவரத்தை நேரில் கேட்டு வருவது, மேடையில் சொல்லும் பத்து உத்திகளைவிட மட்டி பயிரிடுகிறவருக்கு நெடுநாள் பயன் தரும்.

கையில் கொண்டுபோக வேண்டிய கணக்கு

போவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் சாயங்காலம் ஒதுக்கிக் கடைக் கணக்கையும் போனையும் ஒருசேர வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை ஆர்டர் போனில் வந்தது, எத்தனை வாட்ஸ்அப்பில், எத்தனை பேர் காணொளி பார்த்து வந்ததாகச் சொன்னார்கள், பார்சல்கள் எந்தெந்த ஊருக்குப் போயின? அந்த ஒரு பக்கம் கையில் இருந்தால் மாநாடே வேறு மாதிரி தெரியும்.

மட்டிப்பழத்தையே எடுத்துக்கொள்வோம். மணமும் இனிப்பும் உள்ள, தோல் மெல்லிய, பழுத்தபின் நாள் தாங்காத பழம் அது. சென்னையில் பத்து லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் மட்டியைப் புகழ்ந்து ரீல்ஸ் போட்டால் விசாரிப்பு குவியும். பழம் போய்ச் சேருவதற்குள் கறுத்துவிடும். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே பத்தாயிரம் பேர் மட்டுமே பார்க்கும் ஒருவர் போட்டால், மறுநாள் காலை கடைக்கே வந்து குலையோடு வாங்கிப் போவார்கள். சிப்ஸுக்கு இந்தக் கணக்கு நேர்மாறு. அது வாரக்கணக்கில் கெடாது. அதற்கு எட்டாத ஊர் இல்லை. தோவாளைப் பூவுக்கோ கணக்கு முற்றிலும் வேறு. விடிவதற்கு முன்பே சந்தை கூடி, விலை அன்றன்று ஏறி இறங்கி, ஓணம் நெருங்கும்போது கேரளத்து வண்டிகள் வரிசை கட்டும் தொழில் அது. பூ வியாபாரிக்கு அழகான காணொளி இரண்டாம்பட்சம். வாட்ஸ்அப்பில் காலை விலையைச் சரியான ஆட்களுக்குச் சரியான நேரத்தில் அனுப்புவதே அவருக்கான சமூக ஊடகம். ஒரே மாவட்டத்தில், அரைமணி நேரப் பயணத்துக்குள், மூன்று பொருளுக்கு மூன்று வழி. 'இந்த ஆண்டின் போக்கு' என்று மேடையில் ஒரே வழியைக் காட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வியையும் எழுதிக்கொண்டே போக வேண்டும். "ரீல்ஸ் போட்டா விற்பனை கூடுமா சார்?" என்று கேட்டால் "கூடும்" என்ற பதிலோடு மைக் அடுத்தவரிடம் போய்விடும். "எனக்கு வர்ற ஆர்டர்ல பாதி திருவனந்தபுரம் பக்கம். நான் தமிழ்ல மட்டும் பேசிப் போடுறேன். மலையாளத்துல எழுத்து மட்டும் சேர்த்தா போதுமா, தனியாவே ஒரு காணொளி எடுக்கணுமா? நீங்க ரெண்டும் செஞ்சு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டால் பேச்சாளர் நிமிர்ந்து உட்காருவார். செய்து பார்த்தவரா இல்லையா என்பதும் அவர் பதிலிலேயே தெரிந்துவிடும். இதைத் தமிழில் கேட்கத் தயங்கவே கூடாது. சென்னையிலும் கோவையிலும் மேடை ஆங்கிலத்தில் நடந்தாலும், கூடத்தில் பெரும்பாலானோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். இங்கிலீஷ் வராது என்று வாய் திறக்காமல் திரும்பிவிட்டால் நட்டம் கட்டணம் கட்டியவருக்குத்தான்.

கடைப் பக்கத்தை நடத்துவது மகளோ தம்பியோ என்றால் அவரையும் கூட்டிப்போவதே சரி. பல கடைகளில் பணம் போடுகிறவருக்குப் போன் தெரியாது. போன் தெரிந்தவருக்குக் கொள்முதல் விலை தெரியாது. இருவரும் சேர்ந்து கேட்டால்தான் ஒரு யோசனை நடக்குமா நடக்காதா என்பது அங்கேயே முடிவாகும்.

எண்ணைக் கேட்கும் முறை

இந்தத் துறையில் எண்கள் எண்ணப்படும் முறையே மாறிக்கொண்டிருக்கும். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் காணொளி ஓடத் தொடங்கினாலே, திரும்ப ஓடினாலும் கூட, ஒரு பார்வையாகக் கணக்காகிறது. அதற்கு முன் குறிப்பிட்ட நேரம் பார்த்திருந்தால்தான் சேரும். பழைய முறைக் கணக்கு இன்னும் தனியாகக் கிடைக்கிறது. படைப்பாளிக்குப் பணம் கொடுப்பதும் அதை வைத்துத்தான். ஆகவே, "எங்கள் உத்தியால் பார்வை மூன்று மடங்கானது" என்று திரையில் படம் காட்டுகிறவரிடம், அந்த மூன்று மடங்கு எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. இன்ஸ்டாகிராமும் 2024இலிருந்து 'வியூஸ்' என்பதையே முதன்மை அளவாக முன்வைக்கிறது. பார்வை என்பது கல்லாவில் விழும் பணம் அல்ல. பார்த்தவர்களில் எத்தனை பேர் விசாரித்தார்கள், விசாரித்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர்கள் திரும்ப வந்தார்களா என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே தளத்தை நம்பி நிற்கச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் அவற்றில் ஒன்று. அங்கே மட்டும் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் எல்லாம் போனது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இங்கேதான் முதலில் வெள்ளோட்டம் விடப்பட்டது. முன்பே 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முதலிடம் என்று அறிவித்ததும், கடைப் பக்கங்களின் பதிவுகள் கண்ணில் படுவது குறைந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் ஊரும், அவர் சம்மதத்தோடு, கடை நோட்டிலும் எழுதி வைத்திருப்பவருக்கு இவற்றால் பெரிய சேதம் வராது. போனிலோ கணினியிலோ வைக்கும் விவரத்துக்கு அந்தச் சம்மதம் இனி மரியாதைக்கு மட்டும் கேட்பது அல்ல. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

மாநாட்டு நிரலில் சட்டம் பற்றிய அமர்வு ஒன்று இருக்கும். பெரும்பாலும் கூட்டம் குறைவாகவே இருக்கும். குமரி மாவட்ட வியாபாரி அதைத் தவறவிடக் கூடாது. காசு வாங்கியோ, பொருளை இலவசமாகப் பெற்றோ ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் நெறிமுறை வகுத்தது. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரி 20 அன்று அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தங்கும் விடுதியில் இலவசமாகத் தங்கவைத்தாலும் அது சொல்லப்பட வேண்டிய உறவுதான். கன்னியாகுமரியில் 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடி இழைப் பாலம் திறந்தபின், ஊரைப் பற்றிய காணொளிகள் குவிந்தன. அப்படி வருகிறவர்களைக் கூப்பிட்டு அறையும் சாப்பாடும் கொடுக்கும் விடுதிக்காரர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஏமாற்றும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம்.

தேனும் கருப்பட்டியும் விற்கிறவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆபத்து ஒன்று இருக்கிறது. "சர்க்கரை நோய் ஓடிப்போகும்" என்ற வாசகம் இந்தப் பக்கத்துக் காணொளிகளில் சர்வசாதாரணம். சர்க்கரை நோய் போன்ற பட்டியல் நோய்களைத் தீர்க்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உணவைப் பற்றித் தவறாக விளம்பரம் செய்தால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அதை நம்பி மாத்திரையை நிறுத்தும் ஒரு முதியவர் எந்தக் குடும்பத்திலும் இருக்கக்கூடும். மார்த்தாண்டம் தேனின் பெயர் பொய்யைச் சுமந்துகொண்டு விற்க வேண்டிய பெயர் இல்லை.

கூடத்துக்கு வெளியே

தேநீர் இடைவேளையில் போனைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பது பெரிய வீண். தன் அளவுக் கடை நடத்தும் நான்கைந்து பேரைக் கண்டுபிடித்துப் பேச வேண்டும். பேச்சைத் தொடங்க ஒரு சிப்ஸ் பொட்டலம் போதும். மேடையில் சொல்லத் தயங்கும் உண்மைகள், எந்தக் கூரியர் பார்சலை உடைக்கிறது, எந்த விளம்பரத்தில் காசு கரைந்தது என்பன, இங்கேதான் வெளிவரும். விசிட்டிங் கார்டு வாங்கியதும் அதன் பின்னாலேயே அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் குறித்துவைத்தால், ஊருக்கு வந்தபின் யார் எவர் என்று குழம்ப நேராது. ஆள் இன்னார் என்று நினைவிருக்கும்போதே, மூன்று நாளுக்குள், ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும்.

அரங்குகளில் 'இன்றைக்கு மட்டும்' என்று ஆண்டுச் சந்தா விற்பார்கள். அன்றைக்கு எதையும் வாங்காமல் வருவதே நல்லது. தேவையானது அடுத்த மாதமும் கிடைக்கும். பின்தொடர்பவர்களை விலைக்குத் தருகிறேன் என்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

ஊருக்குத் திரும்பியபின்

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, விளைந்ததைக் கூட்டுறவாக விற்பது ஆகியவற்றைச் செய்முறையாகக் கற்றுக்கொள்ள இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் இந்த ஊருக்கு வந்தார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு இன்றிருக்கும் பெயருக்கு அங்கே ஒரு வேர் உண்டு. கற்றதை வீட்டுக்கு வீடு செய்து பார்த்ததாலும், பலர் சேர்ந்து விற்றதாலும் நிலைத்த தொழில் அது. மாநாட்டிலிருந்து திரும்புகிறவரும் அந்த வழியைப் பின்பற்றலாம்.

குறிப்பேட்டில் இருபது யோசனை இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும். மலையாள எழுத்துச் சேர்ப்பது என்றால் அது மட்டும். அதே மாதத்தில் விலையையும் பொட்டலத்தையும் மாற்றினால் எது எதனால் நடந்தது என்று தெரியாமல் போகும். ஓணம், கிறிஸ்துமஸ் சமயத்தில் சோதனை வேண்டாம். அப்போது எதைச் செய்தாலும் விற்கும், கணக்குத் தப்பாகக் காட்டும். மாத முடிவில், போவதற்கு முன் எழுதிய அந்த ஒரு பக்கக் கணக்கை எடுத்து, அதே கேள்விகளுக்குப் புதிய எண்களை எழுதிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாளைப் பக்கத்துக் கடைக்காரரிடமும் காட்டலாம். செலவைப் பங்கிட்டு அடுத்த முறை அவரை அனுப்பினால், இவர் கேட்க விட்ட கேள்வியை அவர் கேட்டு வருவார். ஏழெட்டுக் கடைகள் சேர்ந்தால் பேச்சாளர் ஒருவரையே நாகர்கோவிலுக்கு ஒரு நாள் வரவழைக்கலாம். காலையில் தோவாளைச் சந்தையையும் மத்தியானம் அண்டி ஆபீஸ் எனும் முந்திரி ஆலை ஒன்றையும் காட்டிவிட்டு, சாயங்காலம் அவரைத் தமிழில் பேசச் சொல்லலாம். அதற்கு ஆகும் செலவு, அந்த ஏழெட்டுப் பேரும் தனித்தனியே சென்னைக்குப் போய் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும்.